வரி ரசீது இருக்கா?

உலகத்தில் வரி கட்டு என்றால் முகம் சுளிக்காத ஆள் கிடையாது. கட்டுகிறவன் முனகிக்கொண்டே கட்டுவான். கட்டாதவன் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுத்துவிடுவான். ஆனால் கும்மிடிப்பூண்டியில் ஒருத்தி, தன் வீட்டுக்குத் தன் பெயரில் வரி கட்டியே தீருவேன் என்று மூன்று வருஷமாக ஒற்றைக் காலில் நின்றாள். அவளைக் கட்ட விடாமல் ஒருவர் குறுக்கே நின்றார். இதென்ன கூத்து என்று தோன்றும். கூத்துதான், கேளுங்கள்.

அவள் பெயர் செண்பகம். சிப்காட் தொழிற்பேட்டையில் ரப்பர் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. குழாயில் ஓட்டை, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்தி அனுப்புகிற பிரிவு. புருஷன் ராபினும் அதே கம்பெனிதான், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவள் கோயிலுக்குப் போவாள், அவன் சர்ச்சுக்குப் போவான். சொந்த வீடு வேண்டும் என்ற வேண்டுதலை மட்டும் இரண்டு இடத்திலும் வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் காது கொடுத்ததோ, பி.எஃப். பணமும் நகைக்கடனும் சேர்ந்து ஒரு நாள் வீடு வந்துவிட்டது.

வீடு என்றால் பாதி வீடு. துளசிராமன் என்பவர் ரயில்வே கேட் பக்கம் ஒரே கட்டடத்துக்கு நடுச்சுவர் வைத்து இரண்டு வீடாகக் கட்டியிருந்தார். வடக்குப் பாதியைச் செண்பகத்துக்கு விற்றார். தெற்குப் பாதியை வைத்துக்கொண்டு கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். நாலு இடத்தில் மனையும் இரண்டு இடத்தில் கடையும் உள்ள மனிதர். வாங்குவதில், விற்பதில் படு கெட்டிக்காரர். வரி என்று வந்தால் மட்டும் அவருக்கு மறதி வந்துவிடும்.

பத்திரம் பதிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். பத்திரம் எழுதுகிறவர் ரயில் வேகத்தில் வாசித்துக் காட்டினார். "இச்சொத்துக்கு இன்று வரை உள்ள வரி வகையறாக்களை நானே செலுத்திவிட்டேன். இனிமேல் தாங்களே செலுத்திக்கொள்ள வேண்டியது" என்ற இடம் வந்ததும் செண்பகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து அவளை யாரும் தாங்கள் என்று சொன்னதில்லை.

"சார், கடைசியா கட்டின வரி ரசீது?" என்று கேட்டாள்.

"ஊட்ல கீதும்மா. நாளைக்கு குடுத்தனுப்பறேன்," என்றார் துளசிராமன்.

"இன்னைக்கே பாத்துட்டா நல்லாருக்கும் சார்."

அவர் கைக்கடிகாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "மணி பாரு. ராகு காலத்துல கையெழுத்து போட்டுக்கினு புது ஊட்டுக்குள்ள போவப் போறியா?" பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வம்சத்துல யாருன்னா வரி கட்டிக்கிறீங்களா? ஊடே கெடைச்சிடிச்சி, வரிக்கு இன்னா அவசரம்?"

நாலு பேர் சிரித்தார்கள். செண்பகத்துக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. இந்த ஊரில் வீடு வாங்குகிற முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பை அவளும் செய்தாள். ரசீதுக்குக் காத்திருந்தால் நேரம் தப்பிவிடும் என்று பயந்து, நேரத்தைப் பிடித்து ரசீதைக் கோட்டை விட்டாள்.

துளசிராமன் சொன்னது பொய் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. அவள் அப்பா அருணாச்சலம் பண்ணை ஒன்றில் கூலி வேலை பார்த்தவர். அந்தப் பண்ணையின் மாந்தோப்பு ஓரத்தில்தான் அவர்கள் குடிசை. செண்பகம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அந்தத் தோப்பை ஒரு கம்பெனி வாங்கியது. குடியிருக்கிறவர்களுக்கும் பணமும் மனையும் தருவதாகச் சொன்னார்கள். அருணாச்சலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். மேஜைக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வரி ரசீது இருக்கா?"

இல்லை. எப்படி இருக்கும்? அந்தக் குடிசைக்கு யாரும் வரி போட்டதில்லை, யாரும் கேட்டதில்லை, அதெல்லாம் உனக்கு எதற்கு என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். ரசீது வைத்திருந்தவர்களுக்கு மனை கிடைத்தது. அருணாச்சலத்துக்கு அந்தக் கம்பெனியில் ஹெல்பர் வேலை கிடைத்தது. இப்போது வயதாகிவிட்டதால் அதே கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற இடம் ஏறக்குறைய அவர் வீட்டு அடுப்பு இருந்த இடம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அன்றைக்கு மேஜையிலிருந்து திரும்பி நடந்தபோது அவர் கை வியர்த்து வழுக்கியது செண்பகத்தின் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

ஆகவே புது வீட்டில் பால் காய்ச்சிய வாரமே, வரியைக் கட்டிவிட்டு வா என்று ராபினை அனுப்பினாள். ராபின் போனஸ் பணத்தை எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனான். கதவு எண்ணைச் சொன்னான், பணத்தை நீட்டினான், அவர்கள் கொடுத்த தாளை வாங்கினான். வாங்கிய சந்தோஷத்தில் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதற்கு லேமினேஷன் போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைப் படித்தார்கள். மேலே துளசிராமன் பெயர். கீழே, பணம் முழுவதும் பழைய பாக்கியில் வரவு. எத்தனையோ அரையாண்டுகளாக அவர் கட்டாமல் விட்டதன் ஒரு மூலையை ராபின் அடைத்துவிட்டு வந்திருந்தான்.

"தண்ணி பட்டா கூட இன்னும் நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது," என்றாள் செண்பகம்.

பில் கலெக்டர் தமிழ்செல்வி நல்ல மாதிரி. செண்பகம் பத்திரத்தோடு போய் நின்றபோது உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"வரி ஆளைப் பாத்து வரதில்லம்மா, கட்டடத்தைப் பாத்து வருது. ரெண்டு ஊட்டுக்கும் சேத்து ஒரே வரி எண். பாக்கி மொத்தமும் தீர்ந்தாதான் உங்க பாதிய தனியா பிரிச்சு உங்க பேருக்கு மாத்த முடியும்."

"என் பாதிய மட்டும் நான் கட்டிட்றனே மேடம்."

"இப்ப நீங்க எவ்ளோ கட்டினாலும் அவர் பழைய பாக்கியிலதான் போயி உழும். அவரை கூட்டிக்கினு வந்து கட்ட வைங்க. அப்பறம் பேர் மாத்தறது என் பொறுப்பு."

துளசிராமன் வருவாரா? போன் செய்தால் கட்டறேன் என்பார். நேரில் போனால் காபி கொடுத்துக் கட்டறேன் என்பார். பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றால், அப்படியா எழுதியிருக்கு என்று ஆச்சரியப்படுவார். அவர் கணக்கு என்னவென்று செண்பகத்துக்குப் புரிய வெகுநாள் ஆகவில்லை. பெயர் மாற்றம் வேண்டியது இவளுக்கு. அவசரம் இவளுக்கு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் இவளே மொத்தத்தையும் கட்டிவிடுவாள், தெற்கு வீட்டுப் பாக்கியும் சேர்ந்து தீர்ந்துவிடும். கேஸ் போடலாம்தான். அதற்கு வக்கீல் வேண்டும், வாய்தாவுக்கு வாய்தா லீவு போட வேண்டும். ராபின்கூட ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னான்.

"நாமே கட்டித் தொலைச்சிடலாம் செண்பா. பேஜாரு உட்டுது."

"நம்ம வரிய நான் சந்தோசமா கட்டறேன். அவரு வரிய நான் ஏன் கட்டணும்? ஒரு பைசா கட்ட மாட்டேன்."

சொன்னபடி கட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது பொறுமையா பிடிவாதமா என்று கேட்டால், பிடிவாதம் என்றுதான் நான் சொல்வேன். நல்ல பிடிவாதம்.

இந்த வருஷம் சித்திரையில் துளசிராமனுக்குத் தெற்குப் பாதியையும் விற்றுவிட வேண்டும் என்று தோன்றியது. வாடகைப் பையன்கள் காலி செய்தார்கள், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஒரு நாள் மாலை புரோக்கர் சந்திரமோகன் அரைக்கிலோ மைசூர்பாகோடு செண்பகத்தின் வாசலில் வந்து நின்றார்.

காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் புரோக்கர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள். வில்லங்கச் சான்று பார்ப்பார்கள், அதையும் முழுக்க நம்ப மாட்டார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு சொம்பு தண்ணீர் கேட்பது போலக் கேட்டு, விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பொம்பளை உதட்டைப் பிதுக்கினால் போதும், வியாபாரம் படுத்துவிடும். சந்திரமோகனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

"விக்கிற காசுல மொத வேலையா வரிய கட்டிட்றேன்னு சார் சொல்லிக்கினு கீறாரும்மா," என்றார். "வந்து கேக்கறவங்ககிட்ட நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லு. உனக்கும் வேலை முடிஞ்சிடும்."

"நான் பொய் சொல்ல மாட்டேண்ணா," என்றாள் செண்பகம். "பயப்படாதீங்க."

சந்திரமோகன் நிம்மதியாகப் போனார். மைசூர்பாகு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பார்ட்டி வந்தது. பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பம். புருஷன் ஏழுமலைக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை, மனைவி புவனேஸ்வரி. அத்திப்பட்டில் வாடகை வீட்டில் இருந்தார்கள். ரயிலேறினால் வேலைக்குப் போய்வர வசதி என்று கும்மிடிப்பூண்டியில் தேடினார்கள். ஏழுமலை கூரையைப் பார்த்தான், புவனேஸ்வரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்கிப் பழகிய கை. சந்திரமோகன் போன் பேசத் தெருமுனைக்குப் போன நேரம் பார்த்து, நடுச்சுவர் முடிகிற இடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, தண்ணி எப்டிக்கா?"

"நல்ல தண்ணி. கோடையிலயும் வரும்."

"மழைக்கு ஒழுவுதா?"

"என் பாதி ஒழுவல. உன் பாதியும் ஒழுவாது, ஒரே தளம்."

"வேற எதுனா வில்லங்கம்?"

செண்பகம் வாயைத் திறந்துவிட்டு மூடினாள். ஒரு நிமிஷம்தான், ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவளுக்கு என்னவெல்லாமோ ஓடியது. உண்மையைச் சொன்னால் இவர்கள் பயந்து ஓடிவிடலாம். ஓடிவிட்டால் துளசிராமனுக்கு வரி கட்டுகிற அவசியமே இல்லாமல் போய்விடும், மூன்று வருஷக் காத்திருப்பு மண்ணாகிவிடும். சொல்லாமல் விட்டால் வீடு விற்கும், ஒருவேளை அவர் கட்டினாலும் கட்டுவார். கட்டவில்லை என்றால் இந்தப் பெண்ணும் தன்னைப் போலவே வந்து மாட்டிக்கொள்வாள். துணைக்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரி ஆகும். அந்த நினைப்பு வந்ததும் செண்பகத்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"உள்ள வாம்மா," என்றாள். "ரெண்டு பேரும் வாங்க."

உள்ளே உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னாள். ராகு காலத்துக்குப் பயந்து கையெழுத்துப் போட்டது, ராபினின் லேமினேஷன், தமிழ்செல்வி சொன்னது எல்லாம். லேமினேஷனையே எடுத்துக் காட்டினாள். ராபின் சமையலறைக்குள் போய்விட்டான்.

"அதனால ஊடு வாணாம்னு சொல்லல," என்று முடித்தாள். "ஊடு நல்ல ஊடு. அட்வான்ஸ் குடுங்க. ஆனா பாக்கி மொத்தமும் கட்டின ரசீது கையில வராம கையெழுத்து போடாதீங்க. அத்த அவரு கட்டினா எனக்கும் லாபம். என் லாபத்த மறைச்சுக்கினு உங்களுக்கு புத்தி சொல்றேன்னு நெனைக்கக் கூடாது, அதான் அதையும் சேத்து சொல்றேன்."

ஏழுமலை மனைவியைப் பார்த்தான். புவனேஸ்வரி செண்பகத்தைப் பார்த்தாள்.

"இத்தினி ஊடு பாத்துட்டேன்க்கா," என்றாள். "ஒரு ஊட்லயும் பக்கத்துல கீறவங்க இப்டி சொல்லல. எனக்கு இந்த ஊடே இருக்கட்டும். பத்திரத்துக்கு நீதான் சாட்சி கையெழுத்து போடணும்."

செண்பகம் சொன்னதைத் துளசிராமனிடம் யாரும் சொல்லவில்லை. அட்வான்ஸ் கொடுத்தார்கள். ரசீது வேண்டும் என்று புவனேஸ்வரி இரண்டு முறை கேட்டாள், அவரும் இரண்டு முறை தலையாட்டினார். வாங்கிய அட்வான்ஸைச் சூடு ஆறுவதற்குள் திருநின்றவூரில் ஒரு மனைக்கு அட்வான்ஸாகக் கொடுத்தார். அவர் வழக்கம் அது, ஒரு கையில் வாங்கி மறு கையில் போடுவது. அந்த மனைக்காரர் ஆனி முடிவதற்குள் மீதிப் பணம் வேண்டும், இல்லாவிட்டால் அட்வான்ஸ் போனது போனதுதான் என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஆடி பிறந்துவிட்டால் இந்தப் பக்கம் யாரும் வீடு பதிய மாட்டார்கள். ஆனிக் கடைசியில் ஒரு புதன்கிழமை நாள் குறித்தார்கள். அதை விட்டால் வேறு நாள் இல்லை. புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்கு.

அன்றைக்குச் செண்பகம் லீவு போட்டாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். சாட்சிக் கையெழுத்துக்குப் பட்டுப்புடவையா என்று ராபின் கேட்டான், அவள் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வெளியே, பத்திரம் எழுதுகிறவரின் கடையில் எல்லோரும் கூடினார்கள். துளசிராமன் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்தார். செண்பகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார், பிறகு கண்டுகொள்ளாத மாதிரி உட்கார்ந்தார். பத்திரம் வாசிக்கப்பட்டது. இன்று வரை உள்ள வரி வகையறாக்களை நானே செலுத்திவிட்டேன். அதே வரி, அதே வேகம்.

"ரசீது குடுங்கண்ணா," என்றாள் புவனேஸ்வரி.

"ஊட்ல கீதும்மா. நாளைக்கு குடுத்தனுப்பறேன்."

செண்பகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் ஒரு சொல் மாறவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிண்ணா," என்றாள் புவனேஸ்வரி. "போய் எடுத்துக்கினு வாங்க. நாங்க அதுக்குள்ள நாஷ்டா துன்னுட்றோம்." பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். இட்லி, மீன் குழம்பு. ஏழுமலைக்கு ஒரு மூடியில் வைத்தாள், செண்பகத்துக்கு ஒரு மூடியில் வைத்தாள். பத்திரக் கடை முழுக்க வாசனை பரவியது.

துளசிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்மா. பன்னெண்டுக்கு ராகு காலம். டோக்கன் போயிடும்."

"போவட்டும்ண்ணா. எங்களுக்கு அவசரம் இல்ல. ஆடி கழிச்சி ஆவணியில வெச்சிக்கலாம்."

ஆவணி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திருநின்றவூர் மனை அப்படியே கண் முன்னால் நகர்ந்து போவது தெரிந்தது. சந்திரமோகனைப் பார்த்தார். சந்திரமோகன் கூரையைப் பார்த்தார். கடைசியில் செண்பகத்தின் பக்கம் திரும்பினார்.

"இது உன் வேலையா?"

செண்பகம் இட்லியை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "நான் பொய் சொல்ல மாட்டேன்னு அன்னைக்கே சொல்லி அனுப்பினேனே சார்."

"பாதி நீ கட்டு, பாதி நான் கட்டறேன். ரெண்டு பேருக்கும் வேலை ஆவுது."

"என் பாதிக்கு நான் வந்த நாள்லேர்ந்து எவ்ளோன்னு தமிழ்செல்வி மேடம் பிரிச்சு சொல்லட்டும். பேர் மாத்தின அன்னைக்கே உங்க கையில டப்பு குடுத்துட்றேன், ராபின் கட்டினத கழிச்சிக்கினு. நான் வர்றதுக்கு முன்னாடி உள்ளது உங்களுது. அதுல ஒரு பைசா கட்ட மாட்டேன்."

"நான் கட்டாம போனா உன் பேரும்தான் மாறாது. யோசிச்சுக்கோ."

"மூணு வருசம் இருந்துட்டேன் சார். இன்னும் மூணு வருசம் இருப்பேன். உங்களால பன்னெண்டு மணி வரைக்கும் இருக்க முடியுமான்னு பாருங்க."

கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துளசிராமன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏறிப் போனார். பேரூராட்சி அலுவலகத்துக்கா, ஒரேயடியாக வீட்டுக்கா என்று யாருக்கும் தெரியவில்லை.

நேரம் போயிற்று. ஏழுமலை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். செண்பகம் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வாய் பெரிதாகப் பேசிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை என்றால், தன் வீம்புக்காக இந்தப் பெண்ணின் வீட்டையும் கெடுத்ததாக ஆகிவிடாதா? புவனேஸ்வரி அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வருவாருக்கா. எங்க அட்வான்ஸ திருநின்றவூர் மனையில போட்டுட்டாருன்னு புரோக்கரே சொன்னாரு, வேற வழி?"

வந்தார். சந்தனப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது. ரசீதை மேஜை மேல் போட்டார். புவனேஸ்வரி அதைத் தொடவில்லை.

"அக்கா, நீ படிச்சி சொல்லு."

செண்பகம் மேலிருந்து கீழ் வரை படித்தாள். ரப்பர் குழாயில் வெடிப்புத் தேடுகிற கண்ணால் படித்தாள். நிலுவை எதுவும் இல்லை. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள், அங்கே ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை.

"சரியா இருக்கு. கையெழுத்து போடு புவனா."

பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்னால் கையெழுத்து ஆயிற்று. சாட்சி இடத்தில் செண்பகம் போட்டாள். அவள் கையெழுத்து அன்றைக்கு இருந்த அழகில் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

தமிழ்செல்வி சொன்ன சொல் தவறவில்லை. கட்டடத்தை வந்து அளந்தார்கள், வரியை இரண்டாகப் பிரித்தார்கள். செண்பகம் தன் பங்கை எண்ணித் துளசிராமன் கையில் கொடுத்தாள். அவர் மறுபடி ஒருமுறை எண்ணி வாங்கிக்கொண்டார். பெயர் மாற்ற விண்ணப்பத்தில் தந்தை அல்லது கணவர் பெயர் என்ற இடம் வந்தபோது ராபின் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"என் பேரு போடலியா?"

"உன் பேரு ரேசன் கார்டுல கீது. இது எங்க நைனாவுக்கு."

அக்டோபர் பிறந்ததும், புதிய அரையாண்டின் முதல் நாளே, செண்பகமும் புவனேஸ்வரியும் கவுன்டரில் போய் நின்றார்கள். வரிசையில் முன்னால் இருந்தவர் வரியை ஏற்றிவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் தெருவிளக்கு எரியவில்லை என்று புலம்பினார். செண்பகத்தின் முறை வந்தது.

"மொத மாசத்துலயே கட்டறதால அஞ்சு பர்சென்ட் கழிவும்மா," என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"கழிவு வாணாம் சார். முழுசா எடுத்துக்கங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷ சர்வீஸில் அப்படியொரு வார்த்தையை அவர் கேட்டிருக்க மாட்டார். "கம்ப்யூட்டரே கழிச்சிடும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தாள். ரசீது வந்தது. ராபின் வெளியே பைக்கில் காத்திருந்தான். லேமினேஷன் போடலாமா என்று கேட்டு முடிப்பதற்குள், சிப்காட்டுக்கு வண்டியை விடு என்றாள்.

தோப்பை வாங்கிய கம்பெனியின் கேட்டில் அருணாச்சலம் நீலச் சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் பாஸ் இருக்கா, பாஸ் இருக்கா என்று கேட்பதுதான் அவர் வேலை. மகளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னாமா, இந்நேரத்துல?"

"என்னிய ஒண்ணு கேளு நைனா."

"இன்னா கேக்கணும்?"

"வரி ரசீது இருக்கான்னு கேளு."

அருணாச்சலம் அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து செண்பகம் கேட்டதே இல்லை.

"வரி ரசீது இருக்கா?"

"இருக்கு."

கொடுத்தாள். அவருக்குப் பெரிய படிப்பு இல்லை, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். செண்பகம், தந்தை பெயர் அருணாச்சலம். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் சரக்கு லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. கேட்டைத் திற என்று டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

அருணாச்சலம் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். கம்பெனி லாரி நின்றது. அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார். மடித்தார், சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்க் கேட்டைத் திறந்தார்.